வக்கீல் எழுதிய ஐந்து வரி

சேனாபதி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் எப்போதும் இரண்டு தேதிகள் இருக்கும். நீல மையில் இருப்பது அவர் எழுதியது. கிரீன் கார்டு வரிசை அந்த மாதம் எந்தத் தேதி வரை நகர்ந்திருக்கிறது என்று அது சொல்லும். சிவப்பு மையில் இருப்பது சின்ன மகள் கயல் எழுதியது. அவளுடைய அடுத்த பாஸ்கெட்பால் ஆட்டம் என்றைக்கு என்று அது சொல்லும். நீலத் தேதி மாதத்துக்குப் பத்து நாள் நகர்ந்தால் அதிகம். சில மாதம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு தடவை பின்னால்கூடப் போயிருக்கிறது. சிவப்புத் தேதி வாரத்துக்கு இரண்டு முறை மாறும்.

அந்த ஜூன் மாதம் சிவப்புத் தேதியைக் காணவில்லை. கயல் கல்லூரியில் நான்கு வருடம் முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டாள். முதல் வருடம் கணுக்கால் முறிந்து ஓர் ஆட்டம்கூட ஆடாததால், விதிப்படி இன்னும் ஒரு வருடம் கல்லூரி அணியில் அவளுக்கு இடமிருந்தது. மேல்படிப்பில் சேர்ந்தால் போதும். கோச் தினமும் அழைத்து, "அடுத்த வருஷம் டீமே உன்னைச் சுத்தித்தான்" என்றாள்.

அந்த வாரம்தான் போர்ச்சுகலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வடக்கே ஒரு சிறிய ஊரின் கிளப், கயலைத் தொழில்முறை ஆட்டக்காரியாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. செப்டம்பரிலிருந்து மே வரை ஒரு சீசன். தங்க அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம்.

அந்த வீட்டில் எந்தக் கடிதமானாலும் மூத்தவள் ரோஷினியின் கையைத் தாண்டித்தான் போகும். வரி, இன்சூரன்ஸ், விசா எல்லாப் படிவங்களையும் நிரப்புகிறவள் அவள்தான். ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "நெஜம்தான் கயல்" என்றாள்.

கயல் ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. துள்ளியதில் சமையலறை விளக்கு ஆடியது. "ப்ரொஃபஷனல் அக்கா! நான் ப்ரோ!"

சேனாபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ரெண்டு வேளைச் சோறா? கோயில் அன்னதானத்துல இதுக்கு மேல போடறாங்களே!"

சிரித்தார், பிறகு நீலத் தேதியைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "நாட்டை விட்டுப் போனா ஃபைல் போச்சு சாமி."

ஃபைல் என்றால் அந்த வீட்டில் ஒன்றுதான். நால்வருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் உள்ளே போய் ஐந்து வருடம் ஆகப்போகிறது. முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். போய்த் திரும்பி வருவதற்கென்று ஒரு தாள் உண்டு. அதற்கு அட்வான்ஸ் பரோல் என்று பெயர். முதல் முறை கேட்டபோது அம்மா பவளம், "பரோலா? ஏனுங்க, நாமென்ன ஜெயில்லயா இருக்கறம்?" என்று கேட்டாள். நால்வருக்கும் அந்தத் தாள் இருந்தது. காலாவதி ஆக ஆக ரோஷினி புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் ஒரு தடவைகூட யாரும் அதை வெளியே எடுத்ததில்லை. நனைந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன குடை மாதிரிதான். சேனாபதியின் அண்ணன் கோபியில் இறந்தபோதும் எடுக்கவில்லை. போனில் பார்த்து அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

"ஞாயித்துக்கெழம நஞ்சுண்டன் வீட்டு விசேஷத்துக்குப் போறமில்ல, கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

நஞ்சுண்டன் அங்கிள் வக்கீல் இல்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவர். ஆனால் அந்த மாநிலத்தில் பிஸ்கட்டவேயிலிருந்து பார்சிப்பனி வரை விசாவில் சந்தேகம் என்றால் ஆட்கள் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். அவர் நடத்தும் வாட்ஸாப் குழுவில் முந்நூறு பேருக்கு மேல். வக்கீலைக் கேட்டால் பில் வரும். அங்கிளைக் கேட்டால் இன்னொரு தோசை வரும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பேஸ்மென்ட்டில் மடக்கு நாற்காலிகளில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சேனாபதி விஷயத்தைச் சொன்னார். அங்கிள் தட்டைக் கீழே வைத்தார்.

"பேப்பர்ல போலாம்னுதான் எழுதியிருக்கும் சேனாபதி. ஏர்போர்ட்ல நிக்கறவன் பேப்பரைப் படிக்க மாட்டான், மூஞ்சியப் படிப்பான். டாலஸ்ல ஒரு பையன், அண்ணன் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனான். அப்பிடியே அங்கயே நின்னுட்டான்."

"எந்தப் பையன் அங்கிள்?" என்றாள் கயல்.

"தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்ச பையன்."

"பேரு?"

"பேரு எதுக்கு கண்ணு? அவன் கதியப் பாரு."

"அங்கிள், போன வருஷம் நீங்க சொன்னப்ப அந்தப் பையன் ஹூஸ்டன்ல இருந்தான். அக்கா கல்யாணத்துக்குப் போனான்."

வட்டம் முழுக்கச் சிரித்தது. அங்கிளும் சிரித்தார். ஆனால் விடவில்லை. ரோஷினி பக்கம் கையை நீட்டினார். "நீ சிரி. உன்ற அக்காவப் பாரு. எல்லைக்கு அந்தப் பக்கம் மான்ட்ரியல்ல எம்.எஸ். கெடச்சுது. போனாளா? கார்டு வரட்டும்னு அப்பா ஒரு வார்த்தை சொன்னாரு, அத்தோட சரி. தங்கம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ரோஷினி குனிந்து தட்டில் இருந்த சட்னியைப் பார்த்தாள். கூட்டத்தில் தன் பெயர் வந்தால் அவளுக்குக் காது சூடாகிவிடும். ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன் மான்ட்ரியலுக்கு, குடும்பக் காரணங்களால் வர இயலவில்லை, நன்றி என்று அவளே எழுதி அனுப்பினாள். அன்று மிஞ்சியது இந்தத் தங்கம் என்ற சொல்தான். அதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில் ரோஷினி ஓட்ட, கயல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் காரின் முன் இருக்கை எப்போதும் கடைசி வரை பின்னுக்குத் தள்ளியே இருக்கும். கயலின் கால்களுக்கு வேறு வழியில்லை.

"அக்கா, அங்கிள் கதை வேண்டாம். நீ லாயரைக் கேளு. நீ கேட்டாத்தான் கரெக்டா கேப்ப."

பின்னாலிருந்து சேனாபதி, "நம்ம ஃபைலப் பாக்கற கம்பெனி வக்கீலப் போயி இதுக்கெல்லாம் தொந்தரவு பண்ணுவாங்களா?" என்றார்.

"நான் காசு குடுத்துக் கேக்கறேம்ப்பா" என்றாள் ரோஷினி. அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை அவள். தங்கைக்காக வாய் திறந்துவிட்டது.

அன்று இரவே கேள்வியை எழுதி அனுப்பினாள். நான்கு நிமிடம் ஆனது. கிளப்புக்குப் பதில் சொல்ல வியாழக்கிழமை இரவு ஒன்பது மணி வரை நேரமிருந்தது.

ரோஷினிக்கு பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆறு கண்ணாடிக் குடுவைகளில் வெதுவெதுப்பான திரவம் சுழலும். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு எண்ணைக்கூட விடக்கூடாது. பிடிக்காத எண் வந்தாலும் எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது. ஒரு கோடு கிழித்து, காரணம் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நான்கு வருடத்தில் அவள் நோட்டைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

வியாழன் மதியம் இரண்டு மணிக்கு வக்கீலின் பதில் வந்தது. ஐந்தே வரி.

தாள் செல்லுபடியாக இருக்கும்வரை உங்கள் தங்கை ஒரு சீசனுக்குப் போய்வரலாம். நேர்காணலுக்கு அழைப்புக் கடிதம் ஏதும் வந்தால் உடனே திரும்பி வந்து நிற்க வேண்டும். சிறிய ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் இதே நிலையில் என்னிடம் கேட்டுப் போனவர்கள் எல்லோரும் பிரச்சினை இல்லாமல் திரும்பியிருக்கிறார்கள். உங்கள் விண்ணப்பமும் அதே நாளில் போனது என்பதால், இது அன்றிலிருந்தே உங்களுக்கும் பொருந்தும்.

நான்காவது வரி முடிந்ததுமே ரோஷினியின் விரல் கயலின் எண்ணைத் தேடிப் போய்விட்டது. ஐந்தாவது வரி அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

விரல் நின்றது.

அன்றிலிருந்தே. உங்களுக்கும்.

மான்ட்ரியல் காரில் ஏழு மணி நேரம். தாள் கோப்பில் இருந்தது. புதுப்பித்ததே அவள்தான். யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. அப்பா ஒரு வார்த்தை சொன்னார், அங்கிள் ஒரு கதை சொன்னார், அவள் கேட்டுக்கொண்டாள். நான்கு நிமிடத்தில் எழுதக்கூடிய ஒரு கேள்வியை மூன்று வருடத்தில் ஒரு முறைகூட யாரிடமும் கேட்கவில்லை. கயல் போய்விட்டு மே மாதம் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தால் இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அந்தத் தங்கத்துக்கு என்ன மதிப்பு?

கடிகாரம் ஒலித்தது. முப்பதாவது நிமிடத்து மாதிரியை அவள் நாற்பது நொடி தாமதமாக எடுத்தாள். அதை எழுதினாள். காரணம்: கவனக்குறைவு. தேதி, கையெழுத்து.

வீட்டுக்கு வந்தபோது அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்த வாசம் வாசல் வரை வந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கயல் சாப்பிடவில்லை. போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"லாயர்?"

ரோஷினி கை கழுவினாள். துண்டில் துடைத்தாள். காரில் வரும் வழியெல்லாம் ஐந்து வரியையும் அப்படியே படித்துக் காட்டிவிடுவது என்றுதான் நினைத்திருந்தாள்.

"ரிஸ்க் இருக்குன்னு எழுதியிருக்காங்க."

அது பொய் இல்லை. மூன்றாவது வரியில் அப்படித்தான் இருந்தது. எவ்வளவு என்று யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று நின்றாள். ஆய்வுக்கூடத்தில் என்றால் முதல் கேள்வியே அதுதான். அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. ஆபத்து என்ற சொல்லை எடை போட்டுப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. காதில் விழுந்தாலே கதவைச் சாத்திவிடுவார்கள்.

அம்மா மட்டும் நெய்க் கிண்ணத்தை நகர்த்தியபடி, "வேறென்ன கண்ணு சொன்னாங்க?" என்றாள்.

"அவ்வளவுதாம்மா."

கயல் போனைக் கவிழ்த்து வைத்தாள். "ஓகே" என்றாள். அக்கா சொன்னால் அதில் மேலே கேட்க அவளுக்கு ஒன்றுமில்லை.

சேனாபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஒரே வருஷம் சாமி. கோச் உன்னயத் தலைமேல வச்சிருக்கறாங்க. காலேஜ்லயே ஆடு. கார்டு மட்டும் வரட்டும், அப்பறம் போர்ச்சுகல் என்ன, நெலாவுக்கே போ."

"நெலாவுல டீம் இல்லப்பா" என்றாள் கயல்.

எல்லோரும் சிரித்தார்கள். ரோஷினியும் சிரித்தாள்.

எட்டரை மணிக்குக் கயல், கிளப்போடு பேசி வைத்த ஏஜென்ட்டிடம் வேண்டாம் என்று சொல்ல வெளியே போனாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. கராஜுக்கு முன்னால் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பந்தைத் தட்டிக்கொண்டே பேசினாள். ரோஷினி மாடி ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தட், தட், தட். பிறகு சத்தம் இல்லை. பந்து புல்லில் உருண்டு போய்த் தபால் பெட்டிக்குக் கீழே நின்றது. கயல் அதை எடுக்கவில்லை.

ஆகஸ்ட்டில் அந்தக் கோச் டெக்சஸில் பெரிய கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டாள். கயலுக்குப் பத்து வரியில் செய்தி அனுப்பினாள், அதில் மூன்று இதயப் படம். புதிதாக வந்த கோச் தனக்கு வேண்டிய ஆட்டக்காரிகளைத் தன்னோடு கூட்டி வந்தார். டீமே உன்னைச் சுத்தித்தான் என்று சொல்லப்பட்டவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓர் ஆட்டத்தில் எட்டு நிமிடம். இன்னொன்றில் நான்கு. டிசம்பரில் ஒரு ஆட்டத்தில் பெஞ்சில் போட்டிருக்கும் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

சேனாபதி ஓர் ஆட்டம் விடாமல் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். கயல் எழுந்து நடுவர் மேசைப் பக்கம் போனாலே பவளத்தின் முழங்கையைத் தட்டி, "வர்றா, வர்றா" என்பார். பாதி நேரம் அவள் தண்ணீர் குடிக்கத்தான் போயிருப்பாள்.

வார இறுதி மதியங்களில், தனக்கு ஆட்டம் இல்லாதபோது, கயல் போனில் அந்தப் போர்ச்சுகல் கிளப்பின் ஆட்டத்தைப் பார்ப்பாள். அவளுக்கென்று வைத்திருந்த இடத்தில் பதினொன்றாம் எண் போட்ட ஒரு பெண் ஆடினாள்.

"இவளுக்கு லெஃப்ட் ஹேண்டே இல்ல அக்கா. பாரேன். எல்லாமே ரைட்தான்." சொல்லிவிட்டு ஆட்டம் முடியும் வரை பார்ப்பாள்.

அப்போதெல்லாம் ரோஷினி ஏதாவது வேலை இருப்பதுபோல் எழுந்து போவாள். சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்தாள். செப்டம்பரில் சொல்லியிருந்தால் கிளப்பில் வேறு இடம் கேட்டிருக்கலாம். அக்டோபரில் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நாள் ஆக ஆக அந்த ஐந்து வரி கனத்துக்கொண்டே போனது. கார்டு வந்துவிட்டால், அல்லது ஒரு அழைப்புக் கடிதமாவது வந்துவிட்டால், போகாதது சரிதான் என்று ஆகிவிடும். அதனால் அந்த வருடம் தபால் பெட்டியை அப்பாவைவிட அவள்தான் அதிகம் திறந்தாள். பல்பொருள் அங்காடி கூப்பன், பல் மருத்துவர் அட்டை, கூரை மாற்றித் தருகிறவர்களின் விளம்பரம். அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. நீலத் தேதி எட்டு மாதத்தில் ஏழு வாரம் நகர்ந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். அன்று கடைசி வருட ஆட்டக்காரிகளைக் குடும்பத்தோடு களத்துக்கு நடுவே அழைத்துப் பூங்கொத்து கொடுப்பார்கள். பவளம் மாம்பழ நிறப் பட்டுச்சேலையும், தரை கீறக்கூடாது என்று சொன்னதால் வாக்கிங் ஷூவும் போட்டு வந்திருந்தாள். ஒலிபெருக்கியில் சேனாபதியின் பெயரைச் சென்னபாட்டி என்று வாசித்தார்கள். அவர் அதற்கும் கும்பிட்டார். கயல் பூங்கொத்தை அம்மாவிடம் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு ரோஜாவை உருவி அக்காவின் கையில் வைத்தாள்.

அன்று கோச் அவளை ஆறு நிமிடம் ஆட விட்டார். இடது கையால் ஒன்று போட்டாள். சுத்தமாக விழுந்தது. சேனாபதி எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்தார்.

ஆட்டம் முடிந்து அப்பாவும் அம்மாவும் அவர்கள் காரில் முன்னால் போய்விட்டார்கள். கயல் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். வாகன நிறுத்தத்தில் பனியை ஓரமாக ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். கரி படிந்து கறுத்துக் கிடந்தது. இருவரும் அதைச் சுற்றி நடந்தார்கள்.

"ஏஜென்ட் பேசினான் அக்கா. எட்டு நிமிஷம் ஆடுனதுக்கெல்லாம் வீடியோ அனுப்ப முடியாதுங்கறான். இந்த வருஷம் எவனும் எடுக்க மாட்டானாம்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் நான் யாரு? ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல ஆடறவ." சிரித்தாள். பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "பரவால்ல. போயிருந்தா மாட்டியிருப்பேன், இல்ல? நீ மட்டும் அன்னிக்கு லாயர்கிட்டக் கேட்டுச் சொல்லலேன்னா நான் லூசு மாதிரி கெளம்பியிருப்பேன். தேங்க்ஸ் அக்கா. நான் சொன்னதே இல்ல உங்கிட்ட."

ரோஷினி காருக்குப் பக்கத்தில் நின்றாள். ரோஜா இன்னும் அவள் கையில் இருந்தது. அதைக் காரின் கூரைமேல் வைத்தாள். போனை எடுத்து அந்தக் கடிதத்தைத் தேடினாள். தேட வேண்டியிருக்கவில்லை. அது எப்போதும் மேலேயேதான் இருந்தது. தங்கையிடம் நீட்டினாள்.

கயல் உதடு அசையப் படித்தாள். முதல் வரியிலேயே முகம் மாறியது. முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தாள். தேதியைப் பார்த்தாள். கத்துவாள் என்று ரோஷினி காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருந்திருக்கும்.

"இது அன்னிக்கு மதியமே வந்திருக்கு."

"ம்."

"அஞ்சாவது லைன்."

"ம்."

"அப்போ நீயும் போயிருக்கலாம். மான்ட்ரியலுக்கு."

ரோஷினி தலையாட்டினாள்.

"அதனாலயா அக்கா?"

பொய் சொல்ல இப்போது ஒரு வரிகூட மிச்சமில்லை. "ஆமா" என்றாள்.

தூரத்தில் எதிர் அணியின் பேருந்து முனகிக்கொண்டு கிளம்பியது. கயல் அது போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள், கண்ணாடிப் பாத்திரம் ஒன்று கீழே விழுந்துவிடக்கூடாது என்பதுபோல மெதுவாக.

"எனக்கு நாலு லைன் போதுமாயிருந்துதுக்கா" என்றாள். "நீ நாலு லைன் மட்டும் படிச்சுக் காட்டியிருந்தாப் போதும்."

ரோஷினி மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினாள். தொடங்கியது எந்த மொழியில் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கயல் கேட்டதாகத் தெரியவில்லை. பின் கதவைத் திறந்து பையை உள்ளே போட்டாள். ரோஷினி சுற்றிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தங்கை முன்னால் ஏறுவதற்காகக் காத்திருந்தாள்.

பின் கதவு சாத்தப்பட்டது. கயல் உள்ளே இருந்தாள். முன் இருக்கை கடைசி வரை பின்னுக்குத் தள்ளியிருந்ததால் அங்கே கால் வைக்கவே இடமில்லை. முழங்கால்களை மார்போடு மடித்து, பையை அணைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சீட்டை முன்னால இழுக்கட்டுமா?" என்றாள் ரோஷினி.

கயல் பையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள். ரோஷினி வண்டியை எடுத்தாள். கூரைமேல் வைத்த ரோஜா எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. வீடு வரும் வரை நாற்பது நிமிடம், பக்கத்தில் அந்த இருக்கை யாருக்கோ காத்திருப்பதுபோல் காலியாகக் கிடந்தது.